மூன்று பட்டை வித்தியாசம்

அந்த ஜெல்லின் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. தெர்மல் தாளில் அடித்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, கீழே நான் எழுதிய தேதி மங்கிவிட்டது. நடுவில் நான்கு வரிசைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. முதல் மூன்றும் பச்சிளங்குழந்தைகள் வார்டில் கிடந்த மூன்று பிள்ளைகளிடமிருந்து எடுத்த கிருமி. நான்காவது, அந்த வார்டில் தரை துடைத்து, துணி மாற்றி, அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவின் மூக்கிலிருந்து எடுத்தது. நான்குமே எம்ஆர்எஸ்ஏ. மெத்திசிலினுக்கும் அதன் உறவுக்கார மருந்துகளுக்கும் அசைந்துகொடுக்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

பிள்ளைகள் மூன்றின் பட்டைகளும் அச்சு அசலாக ஒன்று. ஆயாம்மாவின் வரிசையில் மேலே ஒரு பட்டையைக் காணோம். அதற்குப் பதிலாகக் கீழே இரண்டு சின்னப் பட்டைகள். கணக்குப் பார்த்தால் மூன்று வித்தியாசம். எங்கள் ஆய்வக மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. வித்தியாசம் இல்லையென்றால் 'ஒன்றே'. இரண்டு மூன்று என்றால் 'நெருங்கிய உறவு'. நான்கிலிருந்து ஆறு வரை 'உறவு இருக்கலாம்'. ஏழோ அதற்கு மேலோ என்றால் 'வேறு'. நான் அட்டவணையைப் பார்த்தேன், 'நெருங்கிய உறவு' என்று ரிப்போர்ட் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆய்வக வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. "எங்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போச்சா, பிள்ளைகிட்ட இருந்து எனக்கு வந்துச்சா, அதச் சொல்லுமா சார் அந்த மிஷினு?" என்று கேட்டார்.

சொல்லாது. ஆனால் அன்று நான் அப்படிச் சொல்லவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டுதும்மா" என்று எதையோ மழுப்பினேன்.

இரண்டு கிருமிகள் ஒன்றா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலைக்கு ஆய்வகத்தில் டைப்பிங் என்று பெயர். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எத்தனையோ நல்ல மனிதர்களின் மூக்கில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருப்பது. உத்தேசமாக மூன்றில் ஒருவர் அதைச் சுமக்கிறார். ஆகவே வார்டில் மூன்று பிள்ளைகளுக்கு அது வந்துவிட்டது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. தனித்தனியே வந்ததா, ஒரு கையிலிருந்து இன்னொரு தொட்டிலுக்குப் போனதா என்று தெரிய வேண்டும். எந்தெந்த மருந்துக்கு மசியவில்லை என்ற பட்டியலை வைத்துச் சொல்லலாமே என்று தோன்றும். அந்தப் பட்டியல் உடுத்திய சட்டை மாதிரி. ஒரே கடையில் வாங்கிய சட்டையை ஊரில் நூறு பேர் போட்டிருப்பார்கள். ஒருவனே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் மாற்றிக்கொள்வான். சட்டைக்குள் இருக்கும் உடம்பைப் பார்க்க வேண்டும்.

முதலில் அதைப் பார்த்தது ஃபேஜ்களை வைத்து. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கி உடைக்கும் வைரஸ். எல்லா ஃபேஜும் எல்லா பாக்டீரியாவையும் உடைக்காது. அகர் தட்டில் கிருமியைக் கம்பளம்போல் பரப்பி, கட்டம் கட்டமாக வெவ்வேறு ஃபேஜ் துளிகளை விட்டால், எந்தக் கட்டத்தில் கம்பளம் ஓட்டையாகிறதோ அந்த எண்களே கிருமியின் பெயர். 1950-களில் உலகத்தின் பிரசவ வார்டுகளை எல்லாம் ஆட்டிப்படைத்த பெனிசிலின் எதிர்ப்பு ஸ்டாஃப் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஃபில்லிஸ் ரவுன்ட்ரீ அதை அடையாளம் காட்ட ஒரு புதிய ஃபேஜைப் பிடித்தார். அதற்கு எண் 80. கனடாவில் வேறொரு குழு வேறொரு ஃபேஜைப் பிடித்தது, அதற்கு 81. இரண்டு நாட்டிலும் இரண்டு பெயரில் திரிந்தது ஒரே ஆசாமிதான் என்று பிறகு தெரிந்தது. பெயர் 80/81 ஆகிவிட்டது. அந்தச் சாய்கோட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உலகப் பிரசித்தி பெற்ற கிருமியின் பெயரிலேயே, இரண்டு ஆய்வகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத காலத்தின் தழும்பு இருக்கிறது.

இந்தியாவிலும் டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் ஸ்டாஃப் ஃபேஜ் டைப்பிங்குக்கு என்று ஒரு தேசிய மையம் இருந்தது. ஆனால் எம்ஆர்எஸ்ஏ பெருகப் பெருக, எந்த ஃபேஜுக்கும் உடையாத கிருமிகள் அதிகமாயின. அவற்றுக்கு 'வகையிட இயலாதது' என்று எழுதுவார்கள். அப்படி எழுதிய இரண்டு ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து, 'இரண்டும் ஒரே வகை' என்று படித்த டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை நல்லதா என்று எப்படித் தீர்மானிப்பது? 1988-இல் ஹன்டர், காஸ்டன் என்ற இருவர் இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். சூத்திரம் அவர்களுடையதல்ல. எட்வர்ட் சிம்ப்சன் என்ற புள்ளியியலாளர் 1949-இல் எழுதிய சின்னக் கட்டுரையிலிருந்து எடுத்தது. சிம்ப்சன் இரண்டாம் உலகப் போரின்போது ப்ளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய சூத்திரத்தைச் சூழலியலாளர்கள் காட்டில் எத்தனை விதமான உயிர்கள் என்று அளக்கப் பயன்படுத்தினார்கள். ஹன்டரும் காஸ்டனும் அதை ஆய்வகத்துக்குள் இழுத்துவந்தார்கள்.

விஷயம் எளியது. எங்கள் தெருவில் மூன்று முருகேசன்கள். பெயரை மட்டும் சொல்லித் தபால்காரர் கூப்பிட்டால் மூன்று கதவு திறக்கும். இன்ஷியலைச் சேர்த்தால் இரண்டாகக் குறையும். தாத்தா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தால் ஒன்று. தெருவில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தொட்டால், நீங்கள் பயன்படுத்தும் பெயர் முறை அவர்களுக்கு வெவ்வேறு பெயர் கொடுக்கும் வாய்ப்பு எவ்வளவு? அதுதான் அந்த எண். ஒன்றை நெருங்கினால் நல்லது; 0.90-க்கு மேல் இருந்தால் விரும்பத்தக்கது என்றார்கள்.

இந்த எண் வந்த பிறகு ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் இதன் பின்னால் ஓடின. எங்கள் முறைக்கு 0.97, அவர்கள் முறைக்கு 0.93, ஆகவே எங்களுடையது மேல். எனக்கு இதில் அப்போதே ஒரு சங்கடம். என் அப்பா ரேஷன் கார்டில் சுப்பிரமணியன், வாக்காளர் பட்டியலில் சுப்ரமணியம், நிலப் பத்திரத்தில் சுப்பிரமணி. அவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்தபோது, இந்த மூவரும் ஒருவர்தான் என்று ஒரு அலுவலகத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. ஹன்டர்-காஸ்டன் எண்ணின் பார்வையில் அந்த அலுவலகத்தின் பதிவு முறை அபாரமானது. ஒரு மனிதரையே மூன்றாகப் பிரித்துக் காட்டும் அளவுக்குக் கூர்மை. ஒரே கிருமியை இன்று ஓட்டினாலும் அடுத்த மாதம் ஓட்டினாலும், சென்னையில் ஓட்டினாலும் செவில்லில் ஓட்டினாலும் அதே விடை வருகிறதா, பத்துத் தலைமுறை பெருகிய பிறகும் அதே பெயர் நிற்கிறதா, வார்டில் நடந்ததாக வேறு வழியில் தெரிந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. ஐரோப்பாவில், நான் ஓட்டியது போன்ற ஜெல் பட்டை முறைக்கு ஒரு பொதுச் செய்முறையை உண்டாக்கப் பத்து ஆய்வகங்கள் கூடி உட்கார வேண்டியிருந்தது. அதுவரை இங்கிலாந்தில் ஈஎம்ஆர்எஸ்ஏ-15 என்றும் ஜெர்மனியில் பார்னிம் என்றும் அழைக்கப்பட்டது ஒரே கிருமியைத்தான். மறுபடியும் 80/81 கதை.

எண்ணுக்குள் தெரியாத இன்னொன்று, எந்தத் தெருவில் சோதித்தீர்கள் என்பது. இதற்குச் சென்னையில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காசநோய்க் கிருமியின் மரபணுவுக்குள் ஐஎஸ்6110 என்று ஒரு துண்டு உண்டு. இடம் விட்டு இடம் தாவி, தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளும். ஒரு திரிபில் பத்து இருக்கும், இன்னொன்றில் பதினைந்து. இருக்கும் இடங்களும் மாறும். ஆகவே அது நல்ல கைரேகை. 1993-இல் இதற்கு உலகப் பொதுச் செய்முறை வகுத்தார்கள். நியூயார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிகளிலும் சிறைகளிலும் பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய் பரவியபோது இந்த முறைதான் கைகொடுத்தது. அந்தப் பரவலில் கணக்கெடுத்த 357 நோயாளிகளில் 267 பேரின் கிருமி ஒரே கைரேகை, அல்லது ஏறக்குறைய அதே. 'டபிள்யூ' என்று பெயர் வைத்தார்கள். ஆங்காங்கே தனித்தனி நோயாளிகள் என்று நினைத்தது ஒரே சங்கிலி என்று தெரிந்தது. அப்பேர்ப்பட்ட முறை.

அதே முறை சேத்துப்பட்டில், அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு வந்தது. 1956-இல் தொடங்கிய நிறுவனம். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய இடம். தென்னிந்தியக் காசக் கிருமி கொஞ்சம் தனி ரகம் என்று அங்கே முன்பே தெரியும். 1960-லேயே, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமி கினிப் பன்றிகளைக் கொல்லும் வேகத்தில் மதராஸ் நோயாளிகளின் கிருமிகளில் பல கொல்வதில்லை என்று மிட்சிசனும் சகாக்களும் எழுதியிருந்தார்கள். 1990-களில் ஐஎஸ்6110-ஐ ஓட்டிப் பார்த்தால், கணிசமான கிருமிகளில் ஒரே ஒரு பட்டை. சிலவற்றில் அதுவும் இல்லை. அந்த ஒற்றைப் பட்டையும் பெரும்பாலும் ஒரே இடத்தில்.

இதை எழுதப்பட்ட விதிப்படி வாசித்தால் என்ன ஆகும்? சென்னையில் ஒன்றுக்கொன்று முகம் தெரியாத நோயாளிகள் எல்லாம் ஒரே சங்கிலியைச் சேர்ந்தவர்கள். மருந்து சாப்பிட்டு முடித்த ஒருவருக்கு மறுபடியும் நோய் வந்தால், பழைய கிருமியே மிச்சமிருந்து எழுந்ததா, தெருவிலிருந்து புதிதாக ஒட்டியதா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே கோடு. மருந்து எதிர்ப்பு இவருக்குள் முளைத்ததா, எதிர்ப்போடு வந்த கிருமியை இவர் வாங்கினாரா என்பதும் அந்தக் கோட்டில் இல்லை. முறையில் பிழையில்லை, செய்தவர்கள் கையிலும் பிழையில்லை. பல பட்டைக் கிருமிகள் நிறைந்த ஊர்களில் உருவாகிய அளவுகோல் அது. ஒற்றைப் பட்டை ஊருக்கு அதில் கோடு போட்டிருக்கவில்லை. ஸ்பாலிகோடைப்பிங், திரும்பத் திரும்ப வரும் மரபணுத் துண்டுகளை எண்ணும் முறை என்று வேறு அளவுகோல்களை அதோடு சேர்த்துக்கொண்டுதான் இங்கே வேலை நடந்தது. ஒரு முறையின் தரச் சான்றிதழில் அது பிறந்த ஊரின் பெயரையும் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் கட்சி.

என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்த அட்டவணைக்கும் ஊர் உண்டு, நிபந்தனையும் உண்டு. 1995-இல் டெனோவரும் சகாக்களும் அதை எழுதியபோது, குறுகிய காலத்தில் ஓர் இடத்தில் வெடித்த பரவலில் எடுத்த முப்பதுக்கு உட்பட்ட கிருமிகளை ஒப்பிடத்தான் இது என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்தியை யாரும் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டவில்லை. அட்டவணை மட்டும் உலகம் முழுக்க ஒட்டப்பட்டது.

சரி, அந்த மூன்று பட்டைக்கு என்ன அர்த்தம்? ஜெல்லில் ஓடுவது கிருமியின் முழு மரபணு. எஸ்எம்ஏ-ஒன் என்ற நொதி குறிப்பிட்ட எழுத்து வரிசை எங்கே வருகிறதோ அங்கே மட்டும் வெட்டும். வெட்டிய துண்டுகளை, மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றி ஒரு ராத்திரி முழுக்க இழுத்தால், பெரியது மேலேயும் சின்னது கீழேயுமாகப் பிரியும். தற்செயலாக ஓர் எழுத்து மாறி, புதிதாக ஒரு வெட்டிடம் முளைத்தால், ஒரு பெரிய துண்டு இரண்டாக உடையும். ஒன்று போய் இரண்டு வரும். கூட்டினால் மூன்று வித்தியாசம். ஆயாம்மாவின் வரிசையில் நான் பார்த்தது அதைத்தான். ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகளில் ஒற்றை எழுத்து மாறியதால் வந்திருக்கலாம். பிள்ளைகளின் கிருமி அவர் மூக்கில் ஏறிச் சில வாரம் தங்கி, அங்கே மாறியிருக்கலாம். அவரிடமிருந்து கிளம்பிய கிருமி தொட்டிலில் வந்து மாறியிருக்கலாம். இருவருமே மூன்றாவது ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கலாம். அந்த மூன்றாமவர் மூக்கில் நாங்கள் ஸ்வாப் போடவே இல்லை. ஆயாக்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஸ்வாப் எடுத்தோம். டாக்டர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நான் உட்பட.

பல வருடம் கழித்துக் கேம்பிரிட்ஜின் ரோசி ஆஸ்பத்திரியில் நடந்ததைப் படித்தபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. அங்கும் பச்சிளங்குழந்தைகள் வார்டு, அங்கும் எம்ஆர்எஸ்ஏ. 2011-இல் முழு மரபணுவையும் எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, தாய்மார்கள், வெளியே ஊரில் இருந்தவர்கள் என்று 26 பேர் ஒரே சங்கிலியில் இருந்தது தெரிந்தது. கடைசி நோயாளி போய், வார்டைக் கழுவித் துடைத்து, 64 நாள் கழித்து மறுபடி ஒரு பிள்ளைக்கு அதே கிருமி. ஊழியர்கள் 154 பேருக்கும் ஸ்வாப் எடுத்தார்கள். ஒருவரிடம் இருந்தது. அங்கே அவர்கள் செய்த ஒரு காரியம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த ஒருவரின் ஸ்வாப்பிலிருந்து தட்டில் வளர்ந்த ஒரு கிருமிப் புள்ளியை, அதாவது ஒரு காலனியை, எடுத்துப் படித்து முடிவு கட்டிவிடவில்லை. 20 காலனிகளை எடுத்துத் தனித்தனியே படித்தார்கள். இருபதும் ஒன்றல்ல; ஒரே மனிதரிடம் குடியிருந்தவற்றுக்குள்ளேயே சிறுசிறு மாற்றங்கள். அந்தச் சிறு மாற்றங்களை வைத்துத்தான் பிள்ளைகளின் கிருமிகள் அந்தக் குடும்பத்தில் எங்கே பொருந்துகின்றன என்று பார்க்க முடிந்தது.

நான் ஆயாம்மாவின் தட்டிலிருந்து ஒரே ஒரு காலனியைத்தான் வளையத்தால் தொட்டு எடுத்தேன். தட்டில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அன்று எல்லாரும் அப்படித்தான் செய்தோம். பக்கத்துக் காலனியைத் தொட்டிருந்தால் பட்டைகள் அச்சு அசலாகப் பொருந்தியிருக்கலாம், அல்லது ஏழுக்கு மேல் போயிருக்கலாம். இந்தத் தற்செயலை அளக்க எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் நான் ஒரு பத்தி பார்த்ததில்லை. ஜெல்லுக்கும் அதற்குப் பிறகு வந்ததற்கும் கூர்மையை ஒப்பிட்டார்களே தவிர, தட்டில் எந்தப் புள்ளியைக் குத்துகிறோம் என்பதை அந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

முழு மரபணு வந்துவிட்டது, இனிக் குழப்பம் இல்லை என்கிறார்கள் இளையவர்கள். பாதி உண்மை. எத்தனை எழுத்து வித்தியாசம் வரை 'ஒன்றே' என்று கோடு கிழிப்பது? மறுபடி சுவரில் ஓர் அட்டவணை. இன்னொரு சிக்கலைச் சென்னைக்காரர்கள் மறக்க முடியாது. 2010-இல் லான்செட் குழுமத்தின் இதழில் என்டிஎம்-1 என்ற மருந்து எதிர்ப்பு மரபணுவைப் பற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமிகளில் அந்த மரபணு இருந்ததைக் காட்டியது. அதன் பெயரில் டெல்லி இருந்ததற்காக நாடே கொதித்ததில், உள்ளே இருந்த ஒரு வரியை அநேகர் படிக்கவில்லை. பட்டைகளை ஒப்பிட்டபோது ஹரியானாவின் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாக்கள் ஒரே குடும்பம். சென்னையுடையவையும் பிரிட்டனுடையவையும் பல குடும்பங்கள். அதாவது சென்னையில் பரவிக்கொண்டிருந்தது ஒரு கிருமி அல்ல. பிளாஸ்மிட் என்னும் சின்ன மரபணு வளையத்தில் ஏறி, ஒரு பாக்டீரியாவிலிருந்து சம்பந்தமே இல்லாத இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாறிக்கொண்டிருந்த அந்த எதிர்ப்பு மரபணு. கிருமி எது என்று கேட்கும் முறை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே 'எல்லாம் வேறு வேறு, பரவல் இல்லை' என்றுதான் சொல்லும். அரிவாள் கைமாறும் ஊரில் ஆளின் கைரேகையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது போல.

ஆனாலும் பழைய கிருமியைப் புதிய முறையால் படிப்பதற்கு ஈடு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லண்டனில் காலின்டேல் ஆய்வகத்தில் பட்ரீஷியா ஜெவன்ஸ் 5,000-க்கும் மேற்பட்ட ஸ்டாஃப்களைச் சோதித்து, மெத்திசிலினுக்கு அடங்காத மூன்றை 1961-இல் அறிவித்தார். மூன்றும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஃபேஜ் வகை. மருந்து சந்தைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மருந்துதான் எதிர்ப்பை உண்டாக்கியது என்று நாங்கள் பாடம் படித்தோம், பாடம் நடத்தினோம். அந்தக் காலத்துக் கிருமிகளை உறைய வைத்து உலர்த்தி, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். 2017-இல் அவற்றையும் சேர்த்து 209 பழைய கிருமிகளை உயிர்ப்பித்து முழு மரபணுவையும் படித்தார்கள். அந்த எதிர்ப்பு மரபணு 1940-களின் நடுவிலேயே உள்ளே வந்துவிட்டது என்று கணக்குச் சொன்னது. மெத்திசிலின் பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே. தூண்டியது பெனிசிலினாக இருக்க வேண்டும்.

எங்கள் நான்கு கிருமிகளும் மைனஸ் 80 ஃப்ரீஸரில், நீல மூடி போட்ட குப்பிகளில் இருந்தன. ஒரு மே மாதம், நீண்ட வார இறுதியில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து திறந்தபோது கீழ்த்தட்டில் தண்ணீர் நின்றது. குப்பிகளை ஆட்டோகிளேவில் போட்டு அழித்தோம். ஆயாம்மா ஓய்வு பெறும்வரை சலவைப் பிரிவில்தான் இருந்தார்.